சர்வே நம்பர் இல்லாத பதினோரு சென்ட்

அந்த நிலம் எங்க தருவைபட்டணத்துக்கு வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை காலையில. பால் வண்டி வர்ற நேரம், தாலுகா ஆபீசுக்கு எதுத்தாப்ல, ஜெராக்ஸ் கடைக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவுல, முந்தின நாள் சாயங்காலம் வரைக்கும் பைக் நிப்பாட்டிக்கிட்டிருந்த அதே இடத்துல, செக்கச்செவேல்னு தேரி மண்ணா, ஒரு சாண் உசரத்துக்கு, நடுவுல ஒத்த உடைமரத்தோட, பாய் விரிச்சாப்ல கிடந்துச்சு. மொதல்ல பாத்தது நான்தான். ஊர்ல கேட்டா டீக்கடை மீரான் பாய்தான் பாத்தாருன்னு சொல்லுவாங்க, நம்பாதீங்க, அவரு அப்பத்தான் பாய்லருக்குக் கரி போட்டுக்கிட்டிருந்தாரு, நான் கூப்பிட்டுக் காட்டினப்புறம்தான் திரும்பினாரு. திரும்பிப் பாத்துட்டு, "யாரும்மா இங்கன மண்ணு கொட்டினது?"ன்னாரு. "கொட்டின மண்ணுல மரம் எப்படி பாய் நிக்கும்?"னேன். கொஞ்சம் யோசிச்சாரு. "அதும் சரிதான்"னுட்டு டீ ஆத்தப் போயிட்டாரு.

மறுநாள் அது அங்க இல்ல. உப்பளத்து ரோட்டுல எடைமேடைக்குப் பக்கத்துல கிடந்துச்சு. அதுக்கு மறுநாள் மாதாகோயிலுக்குப் பின்னால, அதுக்கும் மறுநாள் மீன் ஏலம் போடுற கூடத்துக்கு முன்னால. இடத்துக்குத் தக்கன அது நீளும், ஒடுங்கும், சந்துல கிடந்தா நாடாவாட்டம் கிடக்கும், மைதானத்துல கிடந்தா சதுரமா ஒக்காரும், எப்படிக் கிடந்தாலும் அளந்து பாத்தா பதினோரு சென்ட், கூடாது குறையாது. நகர்றத மட்டும் ஒருத்தரும் பாத்ததில்ல. பாத்துக்கிட்டே இருந்தா அசையாது, கண்ண எடுத்தா வேற இடத்துல இருக்கும்.

ஒரே வாரத்துல ஊருக்கு அது பழகிப்போச்சு. பஸ் ஸ்டாண்டுல பஸ் நேரம் எழுதுற பலகைக்குக் கீழ 'நிலம் இன்று'ன்னு ஒரு கோடு போட்டு, இருக்கிற இடத்த சாக்பீஸ்ல எழுதிப் போட்டாங்க. ஷேர் ஆட்டோக்காரங்க "நிலம், நிலம், நிலம், ரெண்டு சீட்டு"ன்னு கூவ ஆரம்பிச்சாங்க. கல்யாண ஜோடிங்க வந்து உடைமரத்தடியில போட்டோ எடுத்துக்கிட்டுப் போச்சுங்க. முருங்கக்கா விக்கிற பாப்பாத்தி அதுமேல கடை விரிச்சா, சாக்க மூடிப் போட்டுட்டு வீட்டுக்குப் போனா, விடிஞ்சு வந்தா முருங்கக்காயோட கடை மூணு கிலோமீட்டர் தள்ளி உப்பளத்துல இருக்கு, அங்க இருந்த உப்பளத் தொழிலாளிங்க அத்தனையும் வாங்கித் தீத்துட்டாங்க, அன்னையிலேருந்து அவ கடைய வேணும்னே அதுமேலதான் போடுதா. ஒரு கட்சிக்காரங்க கொடி நட்டாங்க. நிலம் அந்தக் கொடியோட போயி எதிர்க்கட்சி ஆபீஸ் வாசல்ல படுத்துக்கிடுச்சு. அதுக்கப்புறம் யாரும் கொடி நடல.

நான் யாருன்னு சொல்லலியே. பேரு ஆவுடைத்தங்கம். இருபத்திரண்டு வருசமா தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில மேஜை போட்டு மனு எழுதுதேன். பட்டா மாறுதல், வாரிசு சான்று, முதியோர் பென்சன், பக்கத்து வீட்டுக்காரன் வாய்க்கால அடைச்சுட்டான், எதுன்னாலும் என் முன்னால வந்து ஒக்காந்தா பத்து நிமிசத்துல 'அனுப்புநர், பெறுநர், பொருள்'னு போட்டு அழகா எழுதிக் கையில குடுத்துருவேன். வாய் கொஞ்சம் நீளம், கோவம் அதைவிட நீளம். ஆனா என் மனுவுல ஒரு வரி பொய் இருக்காது.

ஞாயித்துக்கிழமை ஆனா நான் மெஷின் பிடிக்கிறவ. கம்போட நுனியில தட்டு மாதிரி ஒரு வளையம் இருக்கும், அதத் தரையோட தரையா ஆட்டிக்கிட்டே நடந்தா, மண்ணுக்குள்ள இரும்போ செம்போ வெள்ளியோ கிடந்தா 'கீ'ன்னு கத்தும், அந்த மெஷினு. துறைமுகத்துல கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன தொம்மை அண்ணாச்சி, துபாய்ல இருக்கிற மகன்கிட்ட சொல்லி மொதல்ல ஒண்ணு வரவழைச்சாரு. அப்புறம் ஒண்ணு ரெண்டாச்சு, ஒம்பது பேரு சேந்து சங்கமாச்சு, அதுல நான்தான் செயலாளர். புதையல் ஆசையெல்லாம் ஒண்ணும் கிடையாது. 'கீ'ன்னு கத்துன இடத்துல மண்டி போட்டு, மண்ண விரலால தள்ளித் தள்ளி, உள்ள என்ன இருக்கோன்னு நெஞ்சு அடிக்கும் பாருங்க, அதுக்குத்தான். வந்தது சோடா மூடியா இருந்தாலும் அந்த அடி அடிதான்.

சங்கத்துக்கு ஒரே விதி, அதுவும் நான் போட்டது. மண்ணுக்குச் சொந்தக்காரங்க எழுத்துல சம்மதம் தராம ஒரு கரண்டி மண்ணத் தொடக்கூடாது. இந்த விதியால எங்களுக்குத் தேடவே எடம் கிடையாது. கோயில் நிலம் கூடாது. பழைய கோட்டை, பழைய மேடு, பலகை வச்ச இடம் எதுவும் கிட்டவே போகக்கூடாது. காடு கூடாது. புறம்போக்குக்கு ஒரு ஆபீஸ்ல கேட்டா இன்னொரு ஆபீசக் கைகாட்டுவாங்க, கடற்கரைக்குக் கேட்டா மூணு ஆபீசக் கைகாட்டுவாங்க. தனியார் பட்டா நிலத்துல கேட்டா, "எங்க நிலத்துல என்னமோ இருக்குன்னு இவளுக்குத் தெரிஞ்சிருக்கு"ன்னு சொந்தக்காரனே மண்வெட்டி எடுத்துக்கிட்டு இறங்கிருவான். கடைசியில தொம்மை அண்ணாச்சி வீட்டுக் கொல்லைய மட்டும் நாலு வருசமாத் திருப்பித் திருப்பித் தேடினோம். அங்க இருந்த ஆணி அத்தனையும் எங்களுக்குப் பேர் சொல்லித் தெரியும்.

"ஏன் ஆவுடை, யாரு பாக்கப் போறா, ஆத்துப் பக்கம் சும்மா போயி ஒரு சுத்து சுத்திட்டு வருவமே"ன்னு அண்ணாச்சி கெஞ்சுவாரு. நான் மாட்டேன்னா மாட்டேன்தான். ஏன்னு அவருக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

பதினெட்டு வருசத்துக்கு முந்தி எங்க அம்ம செத்த பதினாறாம் நாள், சொந்தபந்தம் அம்புட்டும் கூடியிருக்க, எங்கக்கா உலகம்மாள் அம்மையோட பெட்டியத் தொறந்தா. அம்மையோட ரெட்டைவடச் சங்கிலி அதுல இல்ல. அம்மைய கடைசி ஆறு மாசம் கூட இருந்து பாத்தது நான். அக்கா திரும்பி என்னப் பாத்தா. "இவதான் எடுத்திருப்பா. களவாணி"ன்னா. ஒரு வார்த்தை. பந்திக்கு வந்த முன்னூறு பேரும் கேட்டாங்க. எனக்குப் பேசி முடிச்சிருந்த மாப்பிள்ளை வீடு அந்த வாரமே வேண்டாம்னு சொல்லிட்டுது. அன்னையிலேருந்து எனக்கு ஊர்ல பேரு களவாணி ஆவுடை. என்கிட்ட மனு எழுத வர்றவங்ககூட பர்சக் கையில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் ஒக்காருவாங்க. அக்கா கீழத்தெருவுல, நான் மேலத்தெருவுல, ரேஷன் கடையில எதுக்க வந்தா அவ ஒரு பக்கம் திரும்பிக்கிடுவா, நான் ஒரு பக்கம். நான் மெஷினக் கையில எடுத்ததே அந்தச் சங்கிலிக்குத்தான். அது எங்கயோ விழுந்து கிடக்கு, ஒருநாள் 'கீ'ன்னு கத்தும், எடுத்துக்கிட்டுப் போயி அவ மூஞ்சிக்கு நேரா நீட்டணும். அது வேணும் எனக்கு. வேற ஒண்ணும் வேண்டாம்.

இப்ப புரியுதா, அந்தப் பதினோரு சென்ட் வந்ததும் எனக்கு எப்படி இருந்திருக்கும்னு? பதினோராம் நாள், ஞாயித்துக்கிழமை, தொம்மை அண்ணாச்சி மூச்சு வாங்க ஓடி வந்தாரு. "மாதாவே! ஆவுடை, வி.ஏ.ஓ.வக் கேட்டுட்டேன். அடங்கல்ல இல்ல, வரைபடத்துல இல்ல, பட்டா இல்ல, புறம்போக்கு இல்ல, கோயில் இல்ல, காடு இல்ல. சர்வே நம்பரே கிடையாது! யாருக்கும் சொந்தமில்ல, யாரையும் கேக்க வேண்டாம், வா!"

"யாருக்கும் சொந்தமில்லன்னா அதுக்கு அதுவே சொந்தம். அதுகிட்ட கேக்கணும்"னேன்.

"கூறுகெட்டத்தனமாப் பேசாத. மண்ணுகிட்ட எப்படி எழுதி வாங்குவ?"

நான் ஒக்காந்து எழுதினேன். அனுப்புநர், செயலாளர். பெறுநர், நிலம் அவர்கள், சர்வே நம்பர் இல்லை, தருவைபட்டணம். பொருள், உலோகம் தேட அனுமதி வேண்டி. ஐயா அல்லது அம்மான்னு தொடங்கி, குழியெல்லாம் மூடிருவோம், எடுத்தத உரியவங்ககிட்ட ஒப்படைப்போம், மரத்துக்கு ஒண்ணும் செய்யமாட்டோம், பழங்காலத்துச் சாமான் அகப்பட்டா தாசில்தாருக்குச் சொல்லிருவோம்னு நாலு பத்தி எழுதி, உடைமரத்து முள்ளுலயே குத்தி வச்சிட்டு வந்தேன். ஊரு சிரிச்சுது. மறுநாள் திங்கக்கிழமை, மனு நாள். தாலுகா ஆபீஸ் வாசல்ல மனுக் கொடுக்க நிக்கிற வரிசையோட வரிசையா நிலமும் நாடா மாதிரி நீண்டு கிடக்கு, சனமெல்லாம் வெயிலுக்கு அந்த மரத்து நிழல்ல ஒதுங்கி நிக்குது, டோக்கன் குடுக்கிற பியூன் அதுக்கும் ஒண்ணு கிழிச்சு கிளையில செருகிட்டுப் போயிருக்கான். என் மனு முள்ளுலதான் இருந்துச்சு. ஆனா அடியில, கையெழுத்துப் போடுற இடத்துல, செம்மண்ணுல ஒரு கைநாட்டு இருந்துச்சு. நான் இருபத்திரண்டு வருசமாப் பெருவிரல் பிடிச்சு கைநாட்டு வாங்குறவ, எனக்குத் தெரியாதா? தாசில்தார் கண்ணாடிய ஏத்திவிட்டுப் பாத்துட்டு, "இடது பெருவிரல்தாம்மா, செல்லும்"னாரு.

அய்யோ, அதுக்கப்புறம் நடந்த கூத்தச் சொல்லணுமே! நாங்க ஒம்பது பேரும் மெஷினத் தூக்கிக்கிட்டு, நிலம் எங்க எங்கன்னு ஆட்டோவுல ஆட்டோவுல துரத்திக்கிட்டுப் போனோம். போன நாளெல்லாம் மெஷின் கத்திச்சு, வச்ச எடமெல்லாம் கத்திச்சு. மொதல் நாளே மீரான் பாயோட பழைய ஸ்கூட்டர் சாவி வந்துச்சு, ஏழு வருசத்துக்கு முந்தி குளத்துல விழுந்தது. அடுத்து பள்ளிக்கூடத்து மணியோட நாக்கு. அடுத்து போஸ்ட்மேனோட சைக்கிள் பெல். எவர்சில்வர் டம்ளரு, தட்டு, தூக்குச்சட்டி, எல்லாத்துலயும் புள்ளிப்புள்ளியாப் பேரு வெட்டியிருக்கும்லா, அந்தப் பேரப் படிச்சுப் படிச்சு ஆளத் தேடிக் குடுத்தோம். இந்த ஊர்ல தொலைஞ்சது எல்லாம் அந்த மண்ணுக்குள்ள இருந்துச்சு. குளத்துல விழுந்ததும், கிணத்துல விழுந்ததும், பஸ்ல விட்டதும்கூட. எப்படின்னு யாரும் கேக்கல, என்னோடது எப்ப வரும்னுதான் கேட்டாங்க. மீரான் பாய் கடையில ஒரு துண்ட விரிச்சு அன்னன்னைக்கு வந்தத வைப்போம், சனம் வந்து எட்டிப் பாக்கும், "ஏ, இது என் கொலுசுல்லா!"ன்னு ஒரு கூச்சல் கேக்கும், கடை முழுக்கக் கைதட்டும். பர்ச இறுக்கிப் பிடிச்ச கையெல்லாம் எனக்குக் கும்பிடு போட ஆரம்பிச்சுது. அப்பவும் முதுகுக்குப் பின்னால ஒருத்தி சொன்னது என் காதுல விழுந்துச்சு. "எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கா, அம்மை சங்கிலிய மட்டும் எடுக்கமாட்டேங்காளே, ஏன்னு தெரியாதாக்கும்."

அத நினைச்சு நான் அழல. இன்னும் வேகமா மெஷின ஆட்டினேன்.

இதுக்குள்ள சர்வேயர் தளவாய்க்கு மேலேருந்து உத்தரவு வந்துட்டுது. நல்ல மனுசன், பாவம். நிலம் அளக்கிற இரும்புச் சங்கிலியப் போட்டு ஆரம்பிப்பாரு, ஒரு தும்மல் வரும், கண்ணத் தொறந்தா நிலம் போயிருக்கும். நாலு தடவை இப்படி ஆனதும் அவருக்கு ரோசம் வந்துட்டுது. நாலு மூலையிலயும் சர்வே கல்லு நட்டு, சிமெண்டு போட்டு, நம்பரு குடுத்து, கணக்குல ஏத்திரணும்னு புதன்கிழமை பதினோரு மணிக்கு நேரம் குறிச்சாரு. கல்லு நட்டா நிலம் நகராது, நம்பர் விழுந்தா அது அரசாங்கத்து இடம், அப்புறம் அதுல மெஷின் வைக்க நான் மனு போட்டு, அது ஆபீஸ் ஆபீசாப் போயி, பதில் வரும்போது நான் இருப்பேனோ என்னமோ. செவ்வாக்கிழமை முழுக்கத் தேடினோம். முப்பத்தாறு பொருள் வந்துச்சு. சங்கிலி வரல.

புதன்கிழமை காலையில பலகையப் பாக்க பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். 'நிலம் இன்று'ன்னு எழுதி, பக்கத்துல 'கீழத்தெரு, உலகம்மாள் வீட்டுக் கொல்லை'ன்னு போட்டிருந்துச்சு. சாக்பீஸப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஆளு என் மூஞ்சியப் பாக்காம நழுவிட்டான்.

நான் போய்ச் சேரும்போது மணி ஒம்பதே முக்கால். தெருவே அங்கதான் நின்னுச்சு. அக்கா வீட்டுக் கொல்லையில, தோய்க்கிற கல்லச் சுத்தி, வேலிய ஒட்டி, செவப்பா அழகா ஒக்காந்திருக்கு நிலம். அக்கா அடுக்களை வாசல்ல நிக்கா. பதினெட்டு வருசம் கழிச்சு அவ என்ன நேரா ஒரு பார்வை பாத்தா. தளவாய் இன்னும் வரல, கல்லு ஏத்தின மாட்டுவண்டி மட்டும் முக்குல வந்து நிக்குது. தொம்மை அண்ணாச்சி மெஷின என் கையில திணிச்சாரு. "வேலி இந்தப் பக்கம் திறந்துதான் இருக்கு. வெரசா இறங்கு. ஒரு மணி நேரந்தான் இருக்கு, ஆவுடை."

"அக்கா பட்டா நிலம் அண்ணாச்சி."

"பட்டா அடியில இருக்கிற மண்ணுக்கு. மேல கிடக்கிறதுக்கு நம்பர் இல்ல. அதுதான் கைநாட்டு வச்சுக் குடுத்திருக்கே!"

கூட்டமே ரெண்டாப் பிரிஞ்சு சண்டை போட்டுது. மேல கிடக்கிறது தனி நிலம்னு பாதி, கீழ இருக்கிறவதான் சொந்தக்காரின்னு மீதி. மீரான் பாய், "என் மாடியில மழைத்தண்ணி கிடந்தா அது என் தண்ணிதானே"ன்னாரு. "உங்க மாடியில காக்கா ஒக்காந்தா அது உங்க காக்காவா?"ன்னு பாப்பாத்தி கேட்டா. எனக்கு அதெல்லாம் காதுல ஏறல. ஒண்ணுதான் தோணுச்சு. கேக்காம கொள்ளாம அவ கொல்லையில இறங்கி ஒரு கரண்டி மண்ண அள்ளினேன்னா, அன்னைக்கு அவ சொன்னது இன்னைக்கு உண்மையாப் போயிரும். சங்கிலியே கையில வந்தாலும் நான் களவாணிதான்.

முட்டி மேல பேப்பர வச்சு எழுதினேன். எழுத்து கோணிச்சு, இருபத்திரண்டு வருசத்துல அவ்வளவு அசிங்கமா நான் ஒரு மனு எழுதினதில்ல. அனுப்புநர், ஆவுடைத்தங்கம். பெறுநர், உலகம்மாள். பொருள், அம்மையின் சங்கிலியைத் தங்கள் கொல்லையில் தேட அனுமதி வேண்டி. மேல எழுத ஒண்ணும் வரல. 'அம்மா'ன்னு ஆரம்பிக்கிறதா, 'அக்கா'ன்னு ஆரம்பிக்கிறதான்னு தெரியாம, ஒண்ணும் போடாம, கையெழுத்து மட்டும் போட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே கைய நீட்டினேன்.

அவ வந்து வாங்கினா. வாங்கி, தூரத்துல பிடிச்சுப் பாத்தா, அவளுக்கும் வெள்ளெழுத்து வந்திருக்கு. படிச்சா. ஒருதரம் படிச்சு, திரும்பப் படிச்சா.

"தோண்டாதட்டி"ன்னா.

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. "பதினெட்டு வருசத்துக்கு அப்புறமுமா தரமாட்ட? ஒரு கையெழுத்துக்கா உனக்கு..."

"தரமாட்டேங்கல. தோண்டாத. அங்க இல்ல அது." பேப்பர ரெண்டா மடிச்சா. "உள்ள, பீரோவுல இருக்கு."

யாரோ ஒருத்தி "அடிப்பாவி"ன்னா, அது நானான்னு எனக்கே தெரியல.

"அம்ம தலையணைக்குள்ள வச்சுத் தச்சிருந்தா"ன்னா அக்கா. "அது தெரியாம மூணு வருசம் அது மேலதான் தல வச்சுப் படுத்திருந்தேன். பஞ்சு தட்ட வந்த ஆளு பிரிச்சான், கீழ விழுந்துச்சு. அன்னைக்கே உன் வீட்டுக்கு வரணும்னு சேலை மாத்தினேன். தெருமுக்கு வரைக்கும் வந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுட்டி வருவேன்? நாளைக்குப் போவம், நாளைக்குப் போவம்னு பதினஞ்சு வருசம் போயிட்டுது." சொல்லிட்டு உள்ள போனா, வந்தா, கையில சங்கிலி. ரெட்டைவடத்துக்கு நடுவுல இன்னும் பஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. என்கிட்ட நீட்டினா. "நீ எடுக்கலட்டி."

நான் வாங்கல. சந்தோசமா, கோவமா, என்ன எழவுன்னே தெரியல, உடம்பு முழுக்க ஒரு சூடு ஏறுது, சிரிப்பு வருது, பக்கத்துல ஒரு விளக்குமாறு கிடந்திருந்தா அவள நாலு சாத்து சாத்தியிருப்பேன். "இத எதுக்கு என்கிட்ட சொல்லுத?"ன்னேன். "நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா? அன்னைக்கு யார் காது கேக்கச் சொன்னியோ, அந்தக் காது கேக்கச் சொல்லு. இங்க நின்னு முனங்காத. அந்த மேட்டுல ஏறு."

அவ ஏறினா. அம்பத்தஞ்சு வயசு, முட்டுவலி, தோய்க்கிற கல்லு மேல கால வச்சு நிலத்துல ஏறி, உடைமரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா. அனுமதி கிடைச்ச மாதிரிதான்னு நானும் ஏறினேன். "அம்மை சங்கிலிய ஆவுடை எடுக்கல"ன்னா.

"சத்தமா."

"ஆவுடை எடுக்கல!"

"பின்னால நிக்கவங்களுக்குக் கேக்கல. சத்தமா!"

அவ சங்கிலியத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, தொண்டை கிழியக் கத்தினா: "என் தங்கச்சி களவாணி இல்ல! நான்தான் பொய் சொன்னேன்!"

அப்ப நிலம் நகந்துச்சு. பட்டப்பகல்ல, அம்புட்டு பேரும் பாத்துக்கிட்டிருக்க, மொதமொதலா. வேலிக்கு மேல ஏறி இறங்கி, தெருவுக்குத் தக்கன ஒடுங்கி, எங்க ரெண்டு பேரையும் மரத்தையும் தூக்கிக்கிட்டு, சப்பரம் கிளம்பின மாதிரி ஆடி அசைஞ்சு கிளம்பிடுச்சு. முக்குல அப்பத்தான் வந்து சேர்ந்த தளவாய், கல்லக் கையில பிடிச்சபடியே, "நில்லு, நில்லு, மணி பதினொண்ணு கூட ஆகல"ன்னு கத்திக்கிட்டு ஓடி வாராரு. தொம்மை அண்ணாச்சி முன்னால ஓடி, "ஒத்து, ஒத்து, பைக்க எடுவே"ன்னு வழி விலக்குதாரு. பாப்பாத்தி முருங்கக்காக் கூடையோட தொத்தி ஏறிட்டா. கீழத்தெரு முழுக்க வாசல்ல வந்து நின்னுச்சு. ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நிலம் பைய நிக்கும், அக்கா சங்கிலியக் காட்டிக் கத்துவா, வீட்டுக்காரங்க "கேட்டுட்டுது, கேட்டுட்டுது"ன்னு கையெடுத்துக் கும்பிடுவாங்க, அப்பத்தான் அது நகரும். மேலத்தெரு, ரதவீதி, பள்ளிவாசல் தெரு, மாதாகோயில் தெரு, ரேஷன் கடை வரிசை, பஸ் ஸ்டாண்டு. பஸ்ல ஒக்காந்திருந்த வெளியூர்க்காரங்ககூட ஜன்னல் வழியா, "சரிம்மா, அவங்க எடுக்கல"ன்னாங்க. எனக்குப் பேசி நின்னுபோன அந்த மாப்பிள்ளை வீட்டு வாசல்ல நிலம் கொஞ்சம் கூடுதலாவே நின்னுச்சு. அந்த மனுசன் கடைசிப் பிள்ளையக் கையில பிடிச்சுக்கிட்டு வந்து தலைகுனிஞ்சு நின்னாரு. தொப்பையும் வழுக்கையுமா அவரப் பாத்ததும், நல்லவேளைன்னு ஒரு நினைப்பு வந்துச்சு, சிரிச்சுட்டேன்.

ஊரு முடிஞ்சிருச்சு. நிலம் நிக்கல. ஆத்தோரமா, சுடுகாட்டுப் பாதையில திரும்பிடுச்சு.

கூட வந்த கூட்டம் அங்கயே நின்னுடுச்சு. பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போறது எங்க பக்கம் வழக்கமில்ல. நாங்க போகல, எங்க காலு பதினோரு சென்ட் மேலதான் இருந்துச்சு, நிலம்தான் போச்சு. அன்னைக்குப் பதினாறாம் நாள் பந்தியில ஒக்காந்திருந்த பெரியப்பா, மாமா, சித்தி, பாதிப்பேருக்கு மேல இங்கதான் வந்து சேந்துட்டாங்க, என்னக் களவாணின்னு நினைச்சுக்கிட்டேதான் செத்தாங்க. நிலம் ஒவ்வொரு இடமா நின்னுச்சு, அக்கா ஒவ்வொருத்தரா முறை சொல்லிக் கூப்பிட்டு, கரகரத்த தொண்டையில சொல்லிக்கிட்டே வந்தா. கடைசியில அம்மைய எரிச்ச இடத்துல வந்து, இனி நகரமாட்டேன்னு நின்னுடுச்சு.

அக்காவுக்குக் குரலு சுத்தமாப் போயிட்டுது. வாயத் தொறக்கா, காத்துதான் வருது. என்னப் பாத்தா. நீயே சொல்லிரேன்னு கண்ணால கேட்டா.

"நான் சொல்லமாட்டேன்"னேன். "நீதான் சொல்லணும்."

அவ தலையாட்டினா. தண்ணி பாட்டிலத் தொறந்து நீட்டினேன். ரெண்டு மடக்குக் குடிச்சா, வாயத் துடைச்சா, சங்கிலியில ஒட்டியிருந்த பஞ்சப் பிச்சு எடுத்துட்டு, அத என் கழுத்துல போட்டா. அப்புறம் ஆத்துப் பக்கமாத் திரும்பி, "எம்மா!"ன்னு கூப்பிட்டுச் சொன்னா பாருங்க, "சத்தமா"ன்னு நான் சொல்லவேண்டியதே இல்லாமப் போச்சு.